பழைய அவுட்போர்டு மோட்டார்: கயிற்றை இழுப்பதற்கு முன்

கேள்வி: 1950-களில் வந்த ஜான்சன் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) ஒன்று விலைக்கு வருகிறது. "நன்றாக ஓடிய மோட்டார்தான், கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் போதும்" என்கிறார் விற்பவர். பெயின்ட் புதிதாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: கார்புரேட்டர் மட்டும்தான் கோளாறு என்றால் அவரே அதைச் சுத்தம் செய்து, ஓட்டிக் காட்டி, நல்ல விலைக்கு விற்றிருப்பாரே! ஓடாத மோட்டாருக்கு என்ன விலையோ அதைப் பேசுங்கள். புதுப் பெயின்ட் எனக்குச் சந்தேகத்தைத்தான் தரும். விரிசல், ஒட்டுவேலை எல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

பார்க்கப் போகும்போது பிளக் ஸ்பானர், பெரிய ஸ்க்ரூடிரைவர், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) மூன்றையும் எடுத்துப் போங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மோட்டார் உச்சியில் இருக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கும் இடிக்காமல் முழுச் சுற்று வரவேண்டும். இறுகிக் கிடந்தால் கயிற்றை இழுத்துப் பலம் காட்ட வேண்டாம். பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்தால் பல மோட்டார்கள் இளகிவிடும். ஆனால் இளகுமா, இளகாதா என்பது வாங்குபவர் தலையில் விழும் பந்தயம். விலையில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஷன் கேஜில் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட, இரண்டு சிலிண்டரும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கலாம். அப்புறம் கீழே கியர் பெட்டியின் அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ சீல் போய்விட்டது என்று பொருள். (பிரிட்டிஷ் சீகல் மோட்டாருக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அதன் கியர் பெட்டிக்குள் தண்ணீர் கொஞ்சம் புகத்தான் செய்யும். ஆயில் வெளுப்பது அதற்கு வழக்கம்.)

பலரும் கேட்க மறப்பது டேங்க். அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் கிடையாது. மோட்டாரிலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்றழுத்தம் டேங்குக்குப் போகும், இன்னொரு குழாய் வழியாகப் பெட்ரோல் திரும்பி வரும். அந்த இரட்டைக் குழாய் டேங்க் இல்லாமல் மோட்டாரை மட்டும் தந்தால், டேங்குக்குத் தனியாக அலைய வேண்டும்.

உதிரி பாகங்களைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். எவின்ரூட் 2020-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது, உண்மைதான். ஆனால் இரண்டு பெயர்களும் 1930-களிலிருந்தே ஒரே கம்பெனியின் கையில் இருந்ததால், ஸ்பார்க் உண்டாக்கும் காயில், பாயின்ட், கண்டென்சர் போன்றவை பல மாடல்களுக்குப் பொதுவானவை. வேறு தயாரிப்பாளர்களின் புதுப் பாகங்களும் கிடைக்கின்றன. மாடல் நம்பர் தகடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பாகம் தேடுவது பெரும்பாடு.

கேள்வி: வாங்கிவிட்டேன். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரைப் பிரிக்கட்டுமா?

பதில்: பொறுங்கள், முதலில் ஸ்பார்க். 6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிக் கயிற்றை இழுங்கள். நீலமாக, சுறுசுறுப்பாகத் தாண்டினால் சரி. மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ கார்புரேட்டரைத் தொடாதீர்கள்.

ஃபிளைவீலைக் கழற்றிப் பாருங்கள். மேலே இருக்கும் மூன்று துளைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லர்தான் இதற்கு ஏற்றது. விளிம்பைக் கொக்கி போட்டு இழுத்தால் ஃபிளைவீல் வளைந்துவிடும். உள்ளே காயிலின் மேல்பூச்சு வெடித்திருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை, மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்துக் காயில்கள் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாயின்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் சிறு சுவிட்ச்) முனைகளில் படிந்திருக்கும் படலத்தை மெல்லிய அரத்தால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கு வையுங்கள். திரும்ப மாட்டும்போது ஃபிளைவீல் சாவி (ஃபிளைவீலைத் தண்டோடு பிடித்து வைக்கும் சிறு உலோகத் துண்டு) சரியாக உட்கார வேண்டும், நட்டையும் நன்றாக இறுக்க வேண்டும். தளர்ந்தால் சாவி வெட்டுப்பட்டு, பழையபடி ஸ்டார்ட் ஆகாது.

ஸ்பார்க் சரியான பிறகு கார்புரேட்டருக்கு வாருங்கள். உள்ளே மிதவை தக்கையில் செய்யப்பட்டிருந்தால், அதன் மேல் பூசிய பழைய வார்னிஷை இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் கரைத்துவிடும். தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் வழியும். புது மிதவை போடுங்கள். ஜெட் துளைகளில் கம்பி விட்டுக் குடையாமல் கிளீனர் தெளித்துக் காற்றடித்தாலே போதும்.

கேள்வி: டிரம் தண்ணீரில் ஓடுகிறது, ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. குளிரூட்டும் தண்ணீர் பீய்ச்சுவதும் தெரியவில்லை. பெட்ரோலில் ஆயில் 50-க்கு 1 கலந்தேன்.

பதில்: முதலில் அந்தக் கலவையைக் கொட்டிவிடுங்கள். 50-க்கு 1 என்பது 1960-களின் நடுவிலிருந்து வந்த மாடல்களுக்கான அளவு. புஷ் பேரிங் (உருளைகள் இல்லாத வெறும் உலோக வளையம்) உள்ள உங்கள் மோட்டாருக்கு 24-க்கு 1, அதாவது லிட்டருக்குச் சுமார் 42 மில்லி, வேண்டும். தண்ணீரால் குளிரும் மோட்டார்களுக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலையே வாங்குங்கள்.

நின்றவுடன் டேங்க் பட்டனை அழுத்திப் பாருங்கள். திரும்ப உயிர் வந்தால் டேங்க் மூடியிலோ குழாய் இணைப்பிலோ அழுத்தம் கசிகிறது. அப்படியும் வராவிட்டால், சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க்கைச் சோதியுங்கள். அப்போது ஸ்பார்க் இல்லாமல், ஆறிய பிறகு வருகிறது என்றால் காயில்தான்.

தண்ணீர் பீய்ச்சாததற்குக் கவலைப்பட வேண்டாம். அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றுக்கு அந்தத் துளையே கிடையாது. மோட்டாரின் கீழ்க்காலின் பின்பக்கத் துளையில் புகையோடு நீர்த்தூவல் வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது சுர்ரென்று பறந்தால் உடனே நிறுத்துங்கள். பல வருடம் சும்மா கிடந்த மோட்டார் என்றால், சோதனைக்குக் காத்திருக்காமல் வாட்டர் பம்ப் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தை) மாற்றிவிடுவதே நல்லது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் புது ரப்பரும் சில நொடிகளில் கருகும்.

இன்னொன்று, டிரம்மைத் திறந்த வெளியில் வைத்து ஓட்டுங்கள். மூடிய அறையில் இந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வெளிப்பக்கத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தை அரிக்கும். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் தூள் ஃபிளைவீலுக்குள் இருக்கும் மேக்னட்டோ காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட வேண்டாம். அசல் ஸ்டிக்கர் பாதி உதிர்ந்திருந்தாலும் நான் அதை விட்டுவைப்பேன். சேகரிப்பவர்கள் பலர் மெருகூட்டிய மோட்டாரைவிட அதையே விரும்பி வாங்குகிறார்கள்.