வீட்டுக்குள் வைத்த கள்ளிச் செடி அழுகுகிறதே, என்ன செய்வது?

கேள்வி: நர்சரியில் மூன்று கள்ளிச் செடிகள் வாங்கி, ஹாலில் டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். உச்சியில் சிவப்பு உருண்டை உள்ள செடியின் அடிப்பகுதி பழுப்பாகி, தொட்டால் அமுங்குகிறது. உருண்டையாக இருந்த இன்னொன்று வெளிறிப்போய், மேல்பகுதி மட்டும் ஒல்லியாக நீள்கிறது. மூன்றாவதில் முள் உடைந்த இடத்தில் பால் வடிந்தது. இது ஏதாவது நோயா? செடி வளர்ப்பது எனக்கு இதுதான் முதல்முறை.
– வாசகி, சென்னை

பதில்: தினசரி ஸ்பூன் தண்ணீரை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒரு ஸ்பூன் என்பது குறைவான தண்ணீர்தான். ஆனால் தினமும் ஊற்றும்போது, தண்டு மண்ணைத் தொடும் இடம் காயவே வழியில்லை. கள்ளியின் வேருக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம். ஈரம் நிற்கும் இடத்தில் பூஞ்சணம் ஏறி, தண்டு உள்ளிருந்து அழுகும்.

இதில் உங்கள் தவறு பாதிதான். தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், அநேகமாக முழுக்கத் தேங்காய் நார்க்கழிவுதான் இருக்கும். எடை குறைவு என்பதால் தூரத்திலிருந்து செடி அனுப்புகிறவர்கள் அதில்தான் வைத்து அனுப்புகிறார்கள். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் அது. வெயிலும் காற்றும் உள்ள பசுமைக்குடிலில் சமாளிக்கலாம், மூடிய ஹாலில் முடியாது. ஆகவே மூன்று செடிகளுக்குமே மண் மாற்ற வேண்டும்.

தோட்டத்து மண் ஒரு பங்கு, கொரகொரப்பான மணல் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டுகள் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் அரைப் பங்கு, இவ்வளவு போதும். எம்-சாண்ட் கிடைத்தால் தூள் போகும்வரை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள், அந்தத் தூள்தான் சிமென்ட் மாதிரி இறுகும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. அடியில் துளை உள்ள மண்தொட்டியாக வாங்குங்கள். செடியைவிட ஒரு அங்குலம் அகலமாக இருந்தால் சரி. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். செடியை எடுக்கும்போது நாளிதழைப் பட்டையாக மடித்துச் சுற்றிப் பிடியுங்கள், கையில் முள் ஏறாது.

சிவப்பு உருண்டைச் செடியை அவசரமாகக் கவனியுங்கள். அது ஒட்டுக்கட்டிய இரண்டு செடிகள். மேலே இருப்பது ஜிம்னோகேலிசியம் என்ற கள்ளியின் பச்சையம் இல்லாத வகை. கீழே பச்சையாக முக்கோணத் தண்டாக இருப்பது பெரும்பாலும் டிராகன் பழச் செடியின் இனம்தான். மேலே உள்ளதற்குச் சொந்தமாக உணவு தயாரிக்கத் தெரியாது. தனியே நட்டால் பிழைக்காது. அதனால் காப்பாற்ற வேண்டியது கீழ்த்தண்டை. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டு முகத்தில் பழுப்புப் புள்ளி இருந்தால் இன்னும் மேலே. புள்ளியே இல்லாத சதை வரும்வரை சீவ வேண்டும், ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைக்க வேண்டும். இரண்டு அங்குலம் நல்ல தண்டு மிஞ்சினால், நிழலில் ஒரு வாரம், பத்து நாள் காயப்போட்டு, வெட்டிய இடம் வறண்டு மூடிய பிறகு காய்ந்த மண்கலவையில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

அழுகல் ஒட்டு வரை ஏறிவிட்டதா? உருண்டை இன்னும் கெட்டியாக இருந்தால் ஒரு வழி உண்டு. டிராகன் பழம் இப்போது தமிழ்நாட்டிலேயே சாகுபடியாகிறது. வேர் பிடித்த துண்டு ஒன்று வாங்கி, இரண்டையும் சமமாக வெட்டி, நடுவில் தெரியும் வளையங்கள் ஒன்றையொன்று தொடுமாறு வைத்து ரப்பர் பேண்ட் போட்டு நிழலில் வையுங்கள். முதல்முறையே கைகூடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முயன்று பார்க்கத் தகுந்த வேலை. எப்படியும் இந்த ஒட்டுச்செடிகளுக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். அடுத்த முறை ஒட்டில்லாத கள்ளியாக வாங்குங்கள்.

ஒல்லியாக நீள்கிற செடிக்கு வெளிச்சம் போதவில்லை. டி.வி. பக்கம் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும் செடிக்கு அது இருட்டு. கிழக்கு ஜன்னல் ஓரமோ, மழைச் சாரல் படாத பால்கனியோ, தினம் நாலு மணி நேரம் காலை வெயில் விழும் இடம் பாருங்கள். ஒரே நாளில் வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெள்ளைத் திட்டு விழும், அந்தத் தழும்பு போகாது. இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். நீண்ட பகுதி பழையபடி பருக்காது. இனி வருகிற வளர்ச்சி சரியாக இருக்கும்.

பால் வடிவது நோய் இல்லை. மூன்றாவது செடி நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி சேர்ந்த யூபோர்பியா குடும்பம். அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிகளில் முள் ஒரு சிறு பஞ்சுமெத்தை போன்ற புள்ளியிலிருந்து கிளம்பும், இதில் அந்தப் புள்ளி இருக்காது. பராமரிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். ஊதுவத்திக் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுங்கள். ஈரமண் ஒட்டினால் ஊற்றாதீர்கள். சுத்தமாகக் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வழியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையே அதிகம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளையாகப் படியும், மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

உரத்துக்கு அவசரமில்லை, கலவையில் உள்ளதே ஓராண்டுக்குப் போதும். மண் மாற்றும்போது வேரில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, நாலைந்து நாள் காயவிட்டு நடுங்கள். மாற்றி நட்ட எந்தச் செடிக்கும் முதல் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. மழை தொடங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.