நாக்கு சுளுக்காமல் ஒன்பது அசை

கேள்வி: 'எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபி' (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது) என்ற சொல்லை நான் மேடையில் சொல்லியாக வேண்டும். 'ட்ரோ' வந்ததும் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. எப்படி அசை பிரிப்பது? கூடப் படிப்பவர் 'கெஃபலோ' என்கிறார், அது தப்புதானே?

பதில்: தப்பில்லை, அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தலைக்குக் கிரேக்கத்தில் கெஃபலே என்று பெயர், மூலத்தில் இருப்பது ககரம்தான். அமெரிக்கர்கள் 'செ' என்பார்கள், பிரிட்டனில் 'கெ' என்று சொல்லும் மருத்துவர்கள் நிறையப் பேர். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரே பேச்சில் இரண்டும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் இதற்கு 22 எழுத்து, 9 அசை: இ-லெக்-ட்ரோ-என்-செஃப்-அ-லாக்-ர-ஃபி.

கடைசி மூன்றைப் பாருங்கள். பொருளை வைத்துப் பிரித்தால் மின்சாரம், தலைக்குள் இருப்பது (அதாவது மூளை), பதிவு என்று மூன்று துண்டு வரும், அதில் 'கிராஃபி' தனியாக நிற்கும். வாயில் அப்படி நிற்பதில்லை, அந்தக் ககர ஒற்று முன்னால் இருக்கும் 'லா'வோடு போய் ஒட்டிக்கொள்கிறது. யாப்பு படித்தவர்களுக்கு வகையுளி, அதாவது பொருளைப் பார்க்காமல் ஓசைக்காகச் சொல்லை வெட்டுவது, ஞாபகம் வரும். நாம் தமிழில் எழுதும் 'லோகிராஃபி'யும் கொஞ்சம் ஏமாற்றுகிறது, ஏனென்றால் 'ரா' என்று நாம் நீட்டும் இடத்தில் ஆங்கிலேயர் வாயில் அரைகுறையாக ஒரு அகரம்தான் வரும்.

அழுத்தம் 'லாக்' மேல். எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வது நம் பழக்கம், அங்கேதான் கேட்பவருக்குச் சொல் பிடிபடாமல் போகிறது. ஆனால் இந்த அழுத்தம் ஓரிடத்தில் இருக்காது: கடைசியில் 'கிராம்' வந்தால் 'செஃப்' மேல் போய்விடும், 'கிராஃபிக்' வந்தால் 'கிராஃப்' மேல். ஃபோட்டோகிராஃப், ஃபொடாக்ரஃபி, ஃபோட்டோகிராஃபிக் என்று சொல்லிப் பாருங்கள், அங்கேயும் கிட்டத்தட்ட இதே ஓட்டம்தான்.

சரி, உங்கள் சுளுக்கு. 'ட்ரோ'வும் 'என்'னும் இரண்டு உயிர் முட்டிக்கொள்ளும் இடம். நமக்குத்தான் உடம்படுமெய் இருக்கிறதே, 'ட்ரோவென்' என்று மெல்ல ஒரு வகரம் போட்டுச் சொல்லுங்கள், ஆங்கிலேயர்களும் தெரியாமல் அதைத்தான் செய்கிறார்கள். 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இந்தத் தொல்லையே வைக்கவில்லை. 1929-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் வைத்த பெயர் 'எலெக்ட்ரென்கெஃபலோகிராம்', ஓகாரத்தை விழுங்கிவிட்டார்! அப்புறம் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது திரும்ப ஒட்டிக்கொண்டது.

பழகும்போது வாலிலிருந்து தொடங்குங்கள். லாக்ரஃபி, ஃபலாக்ரஃபி, செஃபலாக்ரஃபி, என்செஃபலாக்ரஃபி, கடைசியாக எலக்ட்ரோவைச் சேர்த்து முழுச்சொல். முன்னாலிருந்து போனால் மூச்சு தீரும் நேரத்தில்தான் கஷ்டமான பகுதி வரும், இப்படிப் போனால் ஒவ்வொரு முறையும் பழகிய இடத்தில் போய் முடிப்பீர்கள். மேடையில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் ஈ.ஈ.ஜி. என்றே ஓட்டுங்கள், மருத்துவர்களும் அப்படித்தான்.