அழுத்தமான ஆளும் கல்நெஞ்சக்காரனும் ஒண்ணா? – கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சியிடம் 'அழுத்தமான' என்ற சொல்லைப் பற்றிக் கேட்டவை.

அம்பாசமுத்திரம், ஒரு தாயார்: அண்ணாச்சி, பொண்ணு பாத்துட்டுப் போனவங்க 'பிள்ளை கொஞ்சம் அழுத்தமோ'ன்னு தரகர்ட்ட கேட்டிருக்காங்க. மனசே இல்லாதவன்னு சொல்லுதாங்களோ?

இல்லம்மா. மனசு இல்லாட்டா எதைப் போட்டு அழுத்த? உள்ள இருக்கத வெளிய விடமாட்டா, காப்பித் தட்டை நீட்டும்போதும் முகத்துல ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். ஆனா நம்ம பக்கம் அந்தக் கேள்விக்குள்ள 'நினைச்சதத்தான் செய்வாளோ'ன்னு ஒரு பயமும் இருக்கு. 'பழகினா பேசுவா'ன்னு சொல்லிவிடுங்க.

தென்காசி, கல்லூரி மாணவர்: அப்போ கல்நெஞ்சக்காரன், மரக்கட்டை, கல்லுளிமங்கன்?

எல்லாம் வேற வேற தம்பி. கல்நெஞ்சக்காரனுக்கு அடுத்தவன் கஷ்டம் தெரியும், இரங்கமாட்டான். மரக்கட்டைக்கு எதுவும் உறைக்காது. எருமை மேல மழை பேஞ்ச கதைதான். கல்லுளிமங்கன்ட்ட தலைகீழா நின்னாலும் பதில் வராது, அது பிடிவாதம். அழுத்தக்காரன் இழவு வீட்டுல கண் கலங்கமாட்டான். பந்தல்காரன்ல இருந்து நீர்மாலைக் குடம் வரைக்கும் அவன்தான் ஓடி ஓடிப் பார்ப்பான். எல்லாம் முடிஞ்சு, வயக்காட்டு மோட்டார் ரூமுல தனியா உக்காந்து அழுவான். அவனைப் போய் கல்நெஞ்சன்னா பாவம்லா?

நாங்குநேரி வாசகர்: 'காசு விஷயத்துல அழுத்தம்'ங்காங்களே?

கஞ்சன். அவ்வளவுதான்.

வள்ளியூர், நிருபர்: தீர்ப்பைக் கேட்டு அசையாமல் நின்றவரை 'உணர்ச்சியற்றவர்' என்று எழுதலாமா சார்?

'உணர்ச்சியற்ற முகத்துடன் நின்றார்'னு எழுதுங்க, அது நீங்க பார்த்தது. 'உணர்ச்சியற்றவர்'னா அவர் குணத்துக்கே நீங்க தீர்ப்பு எழுதுதீங்க. 'உணர்ச்சிவசப்படாதவர்' பாராட்டு, நீதிபதிக்கும் டாக்டருக்கும் பொருந்தும். 'அழுத்தமான குரலில்'னு எழுதினா உறுதியான குரல்னுதான் வாசகர் எடுத்துக்கிடுவார்.

சங்கரன்கோவில், ஆசிரியை: பழைய சொல் ஏதும் உண்டா ஐயா?

'வன்கண்' இருக்கு. 228ஆம் குறள், கொடுக்காம சேர்த்து வச்சு இழக்கிறவங்கள 'வன்கணவர்'னு வையுது. 632ல அதே வன்கண் அமைச்சருக்கு வேண்டிய முதல் தகுதி, அங்க மனவுறுதி. எந்தக் குறள்னு பாக்காம பிள்ளைகளுக்கு ஒரே பொருளச் சொல்லிராதீங்க.

திசையன்விளை வாசகி: எங்க மைனிய 'அழுத்தக்காரி'ன்னு சொல்லலாமா அண்ணாச்சி?

சொல் சரிதான். அவ காதுல விழாம சொல்லுங்க. விழுந்துட்டா இப்ப பேசுத நாலு வார்த்தையும் நின்னுரும்.