உட்காரக் காசில்லை, எடுத்துப் போகத்தான் சந்தா

கேள்வி: எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. பூன் லேயில் ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். ஒருவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குவார், இன்னொருவர் ஊருக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பார். வெளிநாட்டவர் இங்குள்ள நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாமா? முதலில் உறுப்பினராக வேண்டுமா?

பதில்: தம்பி, வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு நேரே போய் உட்காருங்கள். தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்களில் வாசலில் யாரும் அட்டை கேட்பதில்லை. குடிமகன், நிரந்தரவாசி, வேலை அனுமதியில் இருப்பவர், சுற்றுலா வந்தவர் எல்லோருக்கும் அதே கதவுதான். அலமாரியில் இருக்கும் எந்தப் புத்தகத்தையும் அங்கேயே எடுத்துப் படிக்கலாம்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால்தான் உறுப்பினர் கதை வருகிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது இலவசம். உங்களைப் போல ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) வைத்திருக்கும் வெளிநாட்டவர் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். வந்த வாரமே அதைக் கட்டிவிட்டு, அப்புறம் ஒரு புத்தகம்கூட இரவல் எடுக்காதவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தேர்வுக்கு வேண்டிய தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப்பாக உங்கள் போனிலேயே இருக்கும். உங்களுக்கு இல்லாதது ஒரு மேசை. அதனால் ஒரு மாதம் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். கதை, கட்டுரை என்று எடுத்துப் படிக்கும் ஆசை வந்தால் சந்தா கட்டலாம். கட்டியபின் வாரியத்தின் செயலியில் புத்தகத்தின் பார்கோடை ஸ்கேன் செய்தால் இரவல் பதிவாகிவிடும். 21 நாள் வைத்துக்கொள்ளலாம். எடுத்த இடத்தில்தான் திருப்பித் தர வேண்டும் என்பதில்லை, வேறொரு கிளையின் பெட்டியிலும் போடலாம்.

சரி, எங்கே போவது? பூன் லே ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே ஜூரோங் வெஸ்ட் பொது நூலகம் இருக்கிறது. வேலை முடிந்து வரும் மாலைகளுக்கு அது போதும். ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வரும் இடம், கலகலப்பு இருக்கும். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் ஜூரோங் ஈஸ்ட்டில் வட்டார நூலகம். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் உட்காரப்போகிறீர்களா? பச்சைத் தடத்தில் ஏறி, எங்கும் மாறாமல் பூகிஸில் இறங்குங்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் 2005இல் திறந்த தேசிய நூலகக் கட்டடம் இருக்கிறது. அதன் அடித்தளத்தில் இருப்பது மத்தியப் பொது நூலகம். அங்கேயே நின்றுவிடாமல் மின்தூக்கி ஏறி மேலே லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போங்கள். அங்குள்ள நூல்களை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் வருபவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து படிக்க வருபவர்கள்தான், அந்த அமைதி வேறு மாதிரி. போகவரச் செலவாகும் நேரத்தை ரயிலில் நடப்பு நிகழ்வுகள் படித்து ஈடுகட்டிவிடலாம். படித்துக் களைத்தால் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம்தான், நடந்தே போய்ச் சாப்பிட்டு வரலாம்.

பொதுவாகக் காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், பொது விடுமுறை நாளில் மூடியிருக்கும். தீபாவளி இங்கே பொது விடுமுறை, பொங்கல் இல்லை. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் மேசை காத்திருக்கும்.

இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்குள்ள மாணவர்களின் தேர்வுக்காலம். சனி, ஞாயிறில் பத்து மணிக்கு முன்பே வாசலில் கூட்டம் நிற்கும். அந்த மாதங்களில் வாரநாள் மாலை ஏழுக்கு மேல் போனால் காலி இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். உணவங்காடியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசையைச் 'சோப்' பண்ணும், அதாவது இடம் பிடித்துவைக்கும், வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். நூலகத்தில் அது செல்லாது. பையை மட்டும் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சாப்பிடப் போனால், ஊழியர் அதை அகற்றிவிடலாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சார்ஜரின் உருண்டை முள் இங்கே நுழையாது. சதுர முள் அடாப்டர் ஒன்று பையிலேயே கிடக்கட்டும். எல்லா மேசையிலும் பிளக் இருக்காது, சுவரோரம் பாருங்கள். ஒரு முழுக்கைச் சட்டையும் வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஏசி குளிர் விரல் நுனியில் தெரியும். தண்ணீர் பாட்டில் பரவாயில்லை, வடை பொட்டலம் வேண்டாம்.

இன்னொன்று. நம்மில் பலருக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மனத்தில் நிற்கும். நூலகத்தில் முணுமுணுப்புகூடப் பக்கத்து மேசைக்குக் கேட்கும். மனப்பாடப் பகுதியை உங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழ்த்தளத்துக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிவிட்டு, எழுதிப் பார்ப்பதையும் மாதிரித் தேர்வையும் நூலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் வகுப்பு கேட்பதாக இருந்தால் இயர்போன் இணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை நான் பார்க்கவில்லை. மேற்கோள் நூலகத்தின் நிசப்தத்தில் ஒரு வாத்தியாரின் குரல் "வணக்கம் மாணவர்களே" என்று முழங்க, தளத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே போகலாமா என்றும் தோன்றும். பல்கலைக்கழக நூலகங்களில் பெரும்பாலும் அவர்களின் அட்டையைத் தட்டினால்தான் கதவு திறக்கும், அதை நம்ப வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் போய்ப் படிப்பவர்களும் உண்டு. பூன் லேயிலிருந்து தீவின் மறுகோடி அது. போய்வரும் நேரத்தில் ஒரு மாதிரித் தேர்வே எழுதி முடித்துவிடலாம். ஒன்பது மணிக்கு நூலகம் மூடியபின் இடம் வேண்டுமென்றால் புளோக்குகளின் கீழ்த்தளங்களைச் சுற்றிப் பாருங்கள். சிலவற்றில் விளக்கும் மேசையும் போட்ட படிப்பு மூலைகள் இருக்கும். கொசு கடிக்கும், காலுறை போட்டுக்கொண்டு போங்கள்.