மூன்றாவது பிள்ளைக்கும் ‘யா’வா?

வணக்கம் ரீச்சர்,

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். மூத்தவள் யாழினி, ஏழு வயது. அடுத்தவன் யாழவன், நாலு வயது. போன கிழமை மூன்றாவதாக ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு முன்னம் பெயரை முடிவு செய்ய வேண்டும். இவளுக்கும் ‘யா’வில்தான் வைக்க வேண்டும் என்று அவர் நிற்கிறார். இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு “எனக்கு மட்டும் ஏன் வேறாக வைத்தீர்கள்” என்று கேட்பாளாம். பிள்ளை பூர நட்சத்திரம். மோ, டா, டி, டு என்ற நாலு எழுத்துக்குள் வைக்கச் சொல்கிறார் மாமி. கனடாவில் இருக்கும் மச்சாள் ‘டி’யில் தொடங்கும் பெயர்களாக வட்ஸப்பில் ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார். எனக்கோ 2009இல் மாத்தளனில் இழந்த என் தங்கையின் பெயரை வைக்க ஆசை. வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. என்ன செய்யலாம் ரீச்சர்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்பின் மகளுக்கு,

நீங்களும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். பத்தியம், கை மருந்து, வருகிற சனம் என்று அலைச்சலான நாட்களில் இருந்து இவ்வளவு விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் இருந்து தொடங்குகிறேன். பிள்ளையின் மனதை நினைத்துச் சொன்ன சொல் அது, தட்டிவிடக் கூடாது. ஆனால் ‘யா’வில் தேடித் தேடி இந்நேரம் நீங்கள் இருவரும் களைத்திருப்பீர்கள். அதற்குக் காரணம் தமிழ் எழுத்தின் இயல்பு. யகரம் ஆகாரத்தோடு சேர்ந்து ‘யா’ என்று மட்டும்தான் சொல்லுக்கு முதலில் வரும் என்கிறது தொல்காப்பியம். அப்படி வருகிற சொற்களும் யாழ், யாறு, யாண்டு, யாமம், யானை, யாமை, யாப்பு என்று கொஞ்சம்தான். அவற்றில் பிள்ளைக்குப் பெயராகக்கூடியது யாழ் ஒன்றுதான். ஆகவே எப்படிச் சுற்றினாலும் யாழிசை, யாழ்மொழி, யாழ்நிலா என்றுதான் வந்து நிற்பீர்கள். எல்லாமே அழகான பெயர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஒன்று செய்து பாருங்கள். பின்னேரம் படலையில் நின்று, வளவின் அடியில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லுங்கள். யாழினி. யாழிசை. சோளகக் காற்று அடிக்கிற நாளில் அந்தத் தூரத்துக்குப் போய்ச் சேர்வது ‘யாழி’ மட்டும்தான். இரண்டு பேரும் ஓடி வருவார்கள், அல்லது இரண்டு பேரும் மற்றவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூட இடாப்பு எழுதின கை இது. ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும், ஒரு வயது வித்தியாசம், பெயரில் ஓரெழுத்துத்தான் வேறு. தகப்பன் ஒருவர் என்பதால் முதலெழுத்தும் ஒன்று. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் அக்காவின் பெயருக்குப் பதில் தங்கையின் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். பிழை என் கையால் நடந்தது. அதைத் திருத்த அந்தத் தகப்பன் காலபோக அருவி வெட்டு நேரத்தில் வயலை விட்டுவிட்டுக் கொழும்புக்கு இரண்டு தரம் போய் வந்தார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றைக்கும் அவரை வீதியில் கண்டால் எனக்கு முகம் கொடுக்க முடிவதில்லை.

அப்புறம், நம் பெயர் எழுதுகிற முறையில் உடன்பிறப்பைக் காட்ட ஏற்கெனவே ஓர் எழுத்து இருக்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்து மூன்று பேருக்கும் முன்னால் நிற்கும். இடாப்பிலும் கிளினிக் கொப்பியிலும் அந்த எழுத்தே இவர்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடும். அதற்குப் பின்னால் வருகிற பெயர் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கட்டும். தசரதன் வீட்டு நாலு பிள்ளைகளையும் பாருங்கள். இராமன், பரதன், இலக்குவன், சத்துருக்கன். ஓசையில் ஒன்றோடொன்று சேராத பெயர்கள். அண்ணன் தம்பி என்றால் நாம் முதலில் சொல்வதோ அவர்களைத்தான்.

ஒரே மாதிரிப் பெயர் வைப்பது இப்போது வந்த பழக்கம் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் நாகராசா, நாகம்மா, நாகேஸ்வரி என்று வரிசையாகப் பெயர் கொண்ட வீடுகள் நிறைய இருந்தன. அது புதூர் நாகதம்பிரானுக்கு வைத்த நேர்த்தி. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து கண்ணகை என்று வைத்தார்கள். முறிகண்டியானுக்கு நேர்ந்த வீட்டில் விநாயகமூர்த்தி இருப்பார். பாம்பும் காய்ச்சலும் காடுமாக இருந்த காலத்தில், பிள்ளை தப்பினால் உன் பெயரை வைக்கிறேன் என்று தாய் சொன்ன வாக்கு அது. ஓசைக்காக யாரும் சேர்க்கவில்லை.

அதற்கும் முன்னால், பெயர் பாட்டனிலிருந்து பேரனுக்குத்தான் போனது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். உங்கள் தலைமுறைக்கு வந்தால் இன்னொரு மாற்றம். பேக்கரிப் பலகையில் ‘வெதுப்பகம்’ என்று எழுதிய அந்த வருடங்களில் வன்னியில் பிறந்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குத் தனித்தமிழ்ப் பெயர். உங்கள் பெயரும் அப்படி ஒன்று என்று கடிதத்தின் அடியில் பார்த்தேன். யாழினி, யாழவன் என்று நீங்கள் வைத்ததும் அந்த வழியில்தான். உங்கள் பிள்ளைகளின் பெயர் பொருந்த வேண்டும் என்றால் இந்த இடத்தில் பொருந்தட்டும். மூன்றும் தமிழாக, மூன்றும் பொருள் உள்ளதாக, சொல்லும்போது ஒரே வீட்டு வாசனை வருவதாக இருந்தால் போதும்.

இப்போது மாமியின் நாலு எழுத்து. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து. இந்த அடைவு வட எழுத்து முறையை வைத்துப் போட்டது. தமிழ்ச் சொல்லுக்கு முதலில் டகரம் வராது. பூரத்துக்கும் உத்திரத்துக்கும் அந்த எழுத்து விழுந்ததால்தான் நம் வகுப்பறைகளில் இத்தனை டிலக்சன்களும் டினோசிகாக்களும். அந்தப் பிள்ளைகளிடம் “உன் பெயருக்கு என்ன கருத்து” என்று கேட்டால் குனிந்துகொள்வார்கள். நான் கேட்டிருக்கிறேன், கேட்டதற்குப் பிறகு வருந்தியும் இருக்கிறேன். திருவாதிரைக்கு அந்த அடைவில் ‘ங’வும் உண்டு. ‘ங’வில் யாராவது பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா? அங்கே எல்லோரும் விட்டுக்கொடுத்துத்தான் வைக்கிறோம். டகரத்திலும் விட்டுக்கொடுக்கலாம் என்று மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவருக்கு மனக்குறை வராமல் இருக்க, முப்பத்தொன்றன்று காதில் மூன்று தரம் சொல்கிற பெயரை ‘மோ’வில் வைத்துவிடுங்கள். சாதகத்திலும் அதையே எழுதட்டும். பத்திரத்தில் பதிகிற பெயர் வேறாக இருக்கலாம், பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது.

பெயர் ஏதாவது சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குறளில் யாழுக்குப் பக்கத்தில் குழல் நிற்பதால் குழலி உடனே நினைவுக்கு வரும். நல்ல பெயர்தான், ஆனால் அதிலும் ழகரம். யாழினியை எத்தனை பேர் ‘யாளினி’ என்று கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்தது முல்லை. ஒரு சின்னப் பெயர், யார் வாயிலும் கெடாது. பழந்தமிழர் ஐந்து நிலத்துக்கும் ஒவ்வொரு யாழ் சொன்னபோது காடு சார்ந்த நிலத்தின் யாழுக்கு முல்லை யாழ் என்றே பெயர் வைத்தார்கள். ஆக அக்காவும் அண்ணனும் யாழ் என்றால், தங்கை அந்த யாழுக்கே உரிய பெயர். உங்கள் விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம், காட்டையும் வயலையும் பார்த்து வளரப் போகிற பிள்ளை. இன்னொன்றும் உண்டு. முல்லைப் பண்ணைத்தான் இன்றைக்கு மோகன ராகம் என்று பாடுகிறோம் என்பார்கள் தமிழிசை ஆய்வாளர்கள். மாமிக்கு ‘மோகனா’ என்று காதில் சொல்லிக்கொள்ள அதுவும் உதவும்.

எந்தப் பெயரானாலும் ஆங்கில எழுத்துக்கூட்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பதிவாளரிடம் போங்கள். மூத்தவர்கள் இருவரின் பத்திரத்திலும் ‘யாழ்’ ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ழகரத்துக்கு ஒருவர் ‘எல்’ போடுவார், இன்னொருவர் ‘இசட் எச்’ போடுவார். கடவுச்சீட்டு எடுக்கிற வயதில்தான் அந்த வித்தியாசம் தெரியவரும்.

தங்கையின் பெயரைக் கடைசிக்கு வைத்ததற்குக் குறை நினைக்க வேண்டாம். மற்றதெல்லாம் எழுத்தைப் பற்றிய பேச்சு, இது அப்படியல்ல.

எனக்கு மூன்று பிள்ளைகள். நடுவில் பிறந்தவனுக்கு, நாங்கள் இழந்த என் அண்ணரின் பெயரை வைத்தோம். அம்மாவுக்குச் சந்தோசமாயிருக்கும் என்று நானே முடிவு செய்தேன், அவரிடம் கேட்கவில்லை. அம்மா கண்மூடும்வரை அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மூத்தவளையும் கடைக்குட்டியையும் வாய் நிறையப் பெயர் சொல்லுவார். இவன் மட்டும் ‘தம்பி’. பத்து வயதில் ஒருநாள் என்னிடம் வந்து, “அம்மம்மா ஏன் என்ர பேரை மட்டும் சொல்லிறேல்லை?” என்று கேட்டான். உங்கள் கணவர் பயப்படுகிற கேள்வி என் வீட்டில் அந்த வடிவத்தில் வந்தது. மூன்று பெயரும் எழுத்தில் வேறு வேறாக இருந்ததை என் பிள்ளைகள் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

உங்கள் அம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கணவரிடமும் மாமியிடமும் பேசுவதற்கு முன் அவரிடம் பேசுங்கள். இந்தப் பெயரை நாளைக்கு இருபது தரம், சாப்பிடக் கூப்பிடவும் குழப்படிக்கு ஏசவும் அவரால் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் முல்லையும் வேண்டாம், யாழும் வேண்டாம், அந்தப் பெயரையே வையுங்கள். மற்றவர்கள் எல்லோரிடமும் நான் எழுதியதைக் காட்டுங்கள். முடியாது என்றால், தங்கையின் கதையைப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே மாதிரிச் சொல்லிக் கொடுங்கள். ஒருத்தியின் தலையில் மட்டும் அதை வைக்க வேண்டாம்.

பிறப்பைப் பதிய 42 நாள் தருகிறார்கள். முப்பத்தொன்றுக்குள் முடிவு வராவிட்டாலும் அதற்குப் பிறகு பதினொரு நாள் இருக்கிறது. துடக்குக் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஒருநாள் போய் வாருங்கள்.

அன்புடன்,
ரீச்சர்