50,000 யென் ரயில் பாஸ்: வாங்கலாமா, விடலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "நானும் மனைவியும் 9 வயது மகளும் 11 நாள் பயணமாக ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் 4 இரவு, கியோட்டோவில் 3, ஹிரோஷிமாவில் 1, ஒசாகாவில் 2. கடைசி நாள் டோக்கியோ திரும்பி விமானம் ஏற வேண்டும். ஜப்பான் ரயில் பாஸ் எடுத்தால் ஏறக்குறைய பாதிச் செலவு மிச்சம் என்று முன்பு போய்வந்த உறவினர் சொல்கிறார். 7 நாள் பாஸ் வாங்கிவிடலாமா? அடுத்த ஆண்டு ஐரோப்பா போகும் எண்ணமும் உண்டு. அங்கும் இதே கணக்குத்தானா?"

உங்கள் உறவினர் சொன்னது பொய்யில்லை, பழைய கதை. ஒரே விலை கட்டி, குறிப்பிட்ட நாட்களுக்கு நாடு முழுவதும் ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் ரயில்களில் போகலாம் என்பதுதான் இந்தப் பாஸ். அவர் போன காலத்தில் 7 நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒருமுறை போய்த் திரும்பினாலே பாஸ் விலை கிட்டத்தட்ட வந்துவிடும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு ரயிலும் லாபம். 2023 அக்டோபர் 1 அன்று அதே பாஸ் ஒரே தாவலில் 50,000 யென் ஆனது. 14 நாள் பாஸ் 47,250லிருந்து 80,000க்கும், 21 நாள் பாஸ் 60,450லிருந்து 1,00,000க்கும் போயின. தனிச் சீட்டுகளின் விலை அப்படி ஏறவில்லை. ஆகவே அந்தத் தேதிக்கு முன் யார் கொடுத்த யோசனையானாலும், எவ்வளவு அனுபவசாலியானாலும், அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

ஜப்பானில் அந்தக் கணக்கு சுலபம். ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலின் கட்டணம் விமானச் சீட்டு போல நாளுக்கு நாள் ஆடாது. கூட்டமான பருவத்தில் சில நூறு யென் கூடும், அவ்வளவுதான். பெரியவர் ஒருவருக்கு, ஷின்கான்சென்னில் மிக வேகமான நொசோமி ரயிலில் முன்பதிவு இருக்கையோடு பார்ப்போம். டோக்கியோ – கியோட்டோ 14,170 யென். கியோட்டோ – ஹிரோஷிமா 11,000க்குச் சற்று மேல். ஹிரோஷிமா – ஒசாகா 10,000 சொச்சம். ஒசாகா – டோக்கியோ 14,720. மொத்தம் ஏறக்குறைய 51,000. பாஸ் 50,000. உங்கள் பயணம் சரியாக வரம்பின் மேல் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 6 முதல் 11 வயதுவரை சீட்டும் அரை, பாஸும் அரை. மூவருக்கும் சேர்த்து இரண்டரைச் சீட்டு என்று எடுத்துக்கொண்டால் போதும், ஒப்பீடு மாறாது.

நாள் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஜப்பான் பாஸ் தொடர்ந்து ஓடும். நடுவில் ஒரு நாள் ரயிலே ஏறாமல் கோயில் குளம் சுற்றினாலும் அந்த நாள் கழிந்துவிடும். உங்கள் திட்டத்தில் 5ஆம் நாள் டோக்கியோவை விட்டுக் கிளம்பி 11ஆம் நாள் திரும்புகிறீர்கள். சரியாக 7 நாள். கியோட்டோவில் இன்னும் ஓர் இரவு தங்கலாமே என்று தோன்றிவிட்டால் பாஸ் போதாது. 14 நாள் பாஸுக்கு உங்கள் வழித்தடத்தில் வேலையே இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் ஆளுக்கு ஆயிரம் யென் மிச்சம்போலத் தெரியும். ஆனால் நான் கணக்கில் வைத்தது நொசோமி. வெறும் பாஸை வைத்துக்கொண்டு நொசோமியில் ஏற முடியாது. அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு, டோக்கியோ – கியோட்டோவுக்கு 4,960 யென். அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் சற்று மெதுவான ஹிக்காரி ரயில். கியோட்டோ போக நொசோமிக்கு சுமார் இரண்டே கால் மணி, ஹிக்காரிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி. அரை மணி பெரிய விஷயமில்லை. ஆனால் நொசோமி சில நிமிடத்துக்கு ஒன்று வரும், ஹிக்காரி மணிக்கு இரண்டு. ஹிரோஷிமாவுக்கு வழியில் இறங்கி சகுரா என்னும் இன்னொரு ஷின்கான்சென் ரயிலுக்கு மாற வேண்டியிருக்கும். குழந்தை, பெட்டிகள் எல்லாம் சேர்ந்தால் அந்த மாற்றம் ஆயிரம் யென்னுக்கு மேலேயே பெறும் என்பது என் கணிப்பு.

நகருக்குள் பாஸ் அதிகம் உதவாது. டோக்கியோவில் யமனோத்தே போன்ற ஜேஆர் தடங்களில் செல்லும், சுரங்க ரயிலில் செல்லாது. கியோட்டோ நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் செல்லாது. ஹான்க்யூ, கின்தெட்சு போன்ற தனியார் ரயில்களிலும் செல்லாது. டோக்கியோவில் இருக்கும் முதல் 4 நாளும் பாஸ் தொடங்கியே இருக்காது. எனவே சுய்கா, இக்கோகா மாதிரி பணம் ஏற்றும் அட்டை எப்படியும் வேண்டும். பாஸ் செல்லும் உள்ளூர்ப் பயணங்கள் பெரும்பாலும் சில்லறைக் கட்டணம்தான். கியோட்டோவிலிருந்து ஃபுஷிமி இனாரி கோயில் இருக்கும் இனாரி நிலையத்துக்கு 150 யென். "இதிலெல்லாம் இலவசமாகப் போகலாமே" என்று பாஸின் மதிப்பை ஏற்றிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் வேலை.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கும் வழி. நாடு முழுவதற்குமான பாஸை மறந்துவிட்டு வட்டாரப் பாஸைப் பாருங்கள். மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனம் விற்கும் கான்சாய் – ஹிரோஷிமா ஏரியா பாஸ், 2023 அக்டோபர் உயர்வுக்குப் பிறகு, தொடர்ந்து 5 நாளுக்கு 17,000 யென். ஷின்-ஒசாகா (ஒசாகாவின் ஷின்கான்சென் நிலையம்) – ஹிரோஷிமா ஷின்கான்சென் இதில் அடக்கம், நொசோமி உட்பட. மியாஜிமா தீவுக்குப் போகும் ஜேஆர் படகு, கியோட்டோ, ஒசாகா, நாரா பக்கத்து ஜேஆர் ரயில்கள், கான்சாய் விமான நிலையம் போகும் ஹருக்கா ரயில் எல்லாம் அடக்கம். ஹிரோஷிமா போய்வரும் செலவே 21,000க்கு மேல் வருகிற இடத்தில் இது தெளிவான லாபம். 7ஆம் நாள் தொடங்கினால் அன்று நாரா, மறுநாள் ஹிரோஷிமா, பிறகு மியாஜிமா, ஒசாகா என்று 11ஆம் நாள் வரை பிசகாமல் பொருந்துகிறது.

ஒரு பொறி உண்டு. கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் நடுவே ஓடும் ஷின்கான்சென் வேறு நிறுவனத்தின் தடம், அதில் இந்தப் பாஸ் செல்லாது. கியோட்டோவில் சாதாரண விரைவு ரயிலில் ஏறி அரை மணியில் ஷின்-ஒசாகாவில் இறங்கி, அங்கிருந்து ஷின்கான்சென் பிடியுங்கள். தெரியாமல் கியோட்டோ ஷின்கான்சென் வாசலில் போய் நின்றால் கைக்காசு கொடுக்க வேண்டி வரும்.

ஆக டோக்கியோ – கியோட்டோ தனிச் சீட்டு 14,170, வட்டாரப் பாஸ் 17,000, திரும்ப ஒசாகா – டோக்கியோ தனிச் சீட்டு 14,720. கூட்டினால் 45,890 யென். நாடு முழுவதற்குமான பாஸைவிட ஆளுக்கு 4,000க்கு மேல் குறைவு, அதுவும் முழுக்க நொசோமியில். கடைசி நாள் விமானம் நரிட்டாவிலிருந்து என்றால் நரிட்டா எக்ஸ்பிரஸ் சுமார் 3,000 யென் சேர்ந்து வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரமாகச் சுருங்கிவிடும், ஏனென்றால் பெரிய பாஸில் அது அடக்கம். ஹனேதாவிலிருந்து என்றால் அந்தக் கவலை இல்லை.

இதைவிடப் பெரிய மிச்சம் ரயிலில் இல்லை, விமானச் சீட்டில் இருக்கிறது. இன்னும் சீட்டு எடுக்கவில்லையென்றால் டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கான்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்பும்படி பாருங்கள். ரயில் செலவு ஆளுக்கு 31,170 யென்னோடு நின்றுவிடும். விமான நிலையம் போகும் ஹருக்காவும் வட்டாரப் பாஸிலேயே வந்துவிடும். மூவருக்குமாகச் சேர்த்தால் 78,000 யென்னுக்குள். ஆளுக்கொரு பெரிய பாஸ் என்றால் 1,25,000. விமானக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் தாங்கும், கூடவே கடைசி நாள் காலையில் ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு ஓடும் பதைப்பும் போகும். விமானம் ஏறும் நாளில் நகரம் தாண்டி ரயில் பிடிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

அப்படியானால் அந்த 50,000 யென் பாஸ் யாருக்குத்தான்? ஒரு வாரத்துக்குள் டோக்கியோவிலிருந்து வடக்கே ஹக்கோதாத்தே, தெற்கே ஃபுகுவோக்கா என்று நாட்டை நீள அகலமாக அளக்கிறவர்களுக்கு. இந்த இரண்டு ஊருக்கும் ஒருவழிச் சீட்டே 23,000 யென்னைத் தாண்டும், ஆகவே பாஸ் நன்றாக ஜெயிக்கும். ரயிலில் உட்கார்ந்து சன்னல் வழியே நாட்டைப் பார்ப்பதே பயணம் என்று நினைக்கிறவர்களும், காலையில் எழுந்துதான் அன்றைக்கு எங்கே போவது என்று முடிவெடுக்கிறவர்களும் தாராளமாக வாங்கலாம். 9 வயதுக் குழந்தையோடு போகிற நீங்கள் அந்த ரகம் இல்லை. பாஸ் வாங்கிவிட்ட குற்றத்துக்காகவே கூடுதலாக இரண்டு ஊர்களைத் திட்டத்தில் திணித்து, எல்லா ஊரிலும் நிலையத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

எந்தப் பாஸ் எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இவை தற்காலிகப் பார்வையாளராக வரும் வெளிநாட்டவருக்கு மட்டும். பாஸ்போர்ட்டில் அதற்கான முத்திரையோ ஒட்டுச்சீட்டோ இருக்க வேண்டும். பாஸைக் கையில் வாங்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். குடிநுழைவைத் தாண்டியதும் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ் தொலைந்தால் மறுபடி தரமாட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் டோக்கியோ – கியோட்டோ – ஹிரோஷிமா தடத்தில் பெரிய பெட்டிக்கான இருக்கையை முன்கூட்டியே பதிய வேண்டும், பாஸ் வைத்திருந்தாலும் சரி. விலைகள் மறுபடி மாறக்கூடும், பணம் கட்டும் நாளன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விலை எதுவானாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே பல நாடுகளில் அதிவேக ரயில் கட்டணம் விமானக் கட்டணம் போல ஏறி இறங்கும். இரண்டு மூன்று மாதம் முன்னால் பதிந்தால் மலிவு, கடைசி நேரத்தில் கண்ணைக் கட்டும். ஆகவே பாஸை எந்தச் சீட்டோடு ஒப்பிடுவது என்பதுதான் முதல் கேள்வி. தேதி, நேரம், ஊர் எல்லாம் உறுதி என்றால் முன்பதிவுச் சீட்டோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் பாஸ் தோற்கும். எல்லாம் மாறலாம் என்றால் அன்றைய விலையோடு ஒப்பிடுங்கள், அப்போது பாஸ் நிமிர்ந்து நிற்கும்.

ஐரோப்பாவில் குடியிருக்காதவர்களுக்கான யூரெயில் பாஸில் ஒரு மாதத்துக்குள் 4 நாள், 5 நாள் என்று பயண நாட்களை நாமே தேர்ந்தெடுக்கும் வகை உண்டு. ஜப்பான் பாஸ்போல் நாள் வீணாகாது. ஆனால் பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா ஆகிய அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருந்தாலும் இருக்கைப் பதிவுக்குத் தனியே 10 யூரோவோ அதற்கு மேலோ கேட்பார்கள். லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் யூரோஸ்டாரில் அது சுமார் 30 யூரோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதை. டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் குறைவு, தீர்ந்துவிட்டால் பாஸ் இருந்தும் ஏற முடியாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் பெரும்பாலான ரயில்களில் பதிவு கட்டாயமில்லை. பாஸை அனுபவிக்க அந்தத் திசைதான் தோது. அடுத்த ஆண்டும் உங்கள் மகளுக்கு 12 ஆகியிருக்காது. 4 முதல் 11 வயதுவரை பெரியவர் பாஸோடு குழந்தைப் பாஸ் இலவசம், இருக்கைப் பதிவுக் கட்டணம் மட்டும் உண்டு. மூன்று பேர் கணக்கில் இது தராசையே சாய்க்கும்.

சுவிட்சர்லாந்து மட்டும் என்றால் சுவிஸ் டிராவல் பாஸையும் ஹாஃப் ஃபேர் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ரயில், பேருந்து, படகு எல்லாம் அடக்கம், ரிகி மலை ரயிலும்கூட. இரண்டாவது ஒரு மாதத்துக்குப் பெரும்பாலான பயணங்களைப் பாதி விலையாக்கும். யுங்ஃப்ராவ்யோக் போன்ற மலை உயரத்துக்குப் போவதுதான் உங்கள் ஆசை என்றால் அந்தக் கடைசி ஏற்றத்தில் டிராவல் பாஸ் கால்வாசிதான் குறைக்கும், ஹாஃப் ஃபேர் கார்டு பாதியைக் குறைக்கும். ஓர் ஊரில் தங்கி இரண்டு மூன்று மலை மட்டும் ஏறுகிறவர்களுக்கு அந்த அரைவிலை அட்டையே பெரும்பாலும் போதும். இரண்டில் எதை எடுத்தாலும் சுவிஸ் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள். 6 முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு இலவசமாக வரலாம்.