இடது கட்டைவிரல் – கடிதம்

வணக்கம் சார்,

ரிமோட் விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து படிக்கிறேன். ஓராண்டாக ஒரு ஃபோம் ட்ரெய்னர், அதாவது கற்றுக்கொள்பவர்களுக்கான விமானம், ஓட்டுகிறேன். மேல் இறக்கை, அதன் நீளம் 1.4 மீட்டர், எடை 1200 கிராம், தானே சமன்செய்யும் கைரோ உண்டு, ரிமோட் மோட் 2. இப்போது அது அலுத்துவிட்டது. மைதானத்தில் ‘இன்னும் இந்தக் குழந்தை விமானத்தையா வைத்திருக்கிறாய்’ என்று சிரிக்கிறார்கள். அடுத்து இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்விமானமான பி-51 மஸ்டாங்கின் 1.1 மீட்டர் மாடல் வாங்க ஆசை. அதுவும் 1200 கிராம்தான். சிறுவயதிலிருந்தே அதன் படம் என் மேசையில் இருக்கிறது. ட்ரெய்னரை விற்றுவிட்டு வாங்கலாமா? மடங்கும் சக்கரம் தேவையா? பேட்டரி மூன்று செல்லா, நான்கு செல்லா?

கே.

அன்புள்ள கே,

எந்த விமானம் வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. கடைக்காரரே என்னைவிட உற்சாகமாகப் பதில் சொல்வார். ஆனால் உங்கள் கடிதத்தில் ‘அதுவும் 1200 கிராம்தான்’ என்று ஒரு வரி இருக்கிறது. கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தை அது நேராகத் தொட்டுவிட்டது.

எடை ஒன்றுதான், சரி. எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது அந்த எடை? உங்கள் ட்ரெய்னரின் இறக்கை 21 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு ஏறக்குறைய 30 சதுர டெசிமீட்டர். ஒவ்வொன்றும் 40 கிராம் தூக்குகிறது. மஸ்டாங்கின் இறக்கை நுனியை நோக்கிக் குறுகுவது. சராசரி அகலம் 18 சென்டிமீட்டர் என்றாலும் பரப்பு 20தான் வரும். அங்கே ஒவ்வொன்றும் 60 கிராம் தூக்கவேண்டும். ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை விட்டுவிடும் வேகம், இந்தச் சுமையின் வர்க்கமூலத்தோடு ஏறும். சுமார் 22 சதவீதம் கூடிவிட்டது. இது நேராகப் பறக்கும்போது. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்கவேண்டும், ஸ்டால் வேகம் அதன்மேல் இன்னும் 41 சதவீதம் ஏறும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். உங்கள் ட்ரெய்னர் நேராகப் பறக்கையில் விழத் தொடங்கும் வேகம் எதுவோ, அதைப்போல் 1.7 மடங்கு வேகத்திலேயே மஸ்டாங் அந்தத் திருப்பத்தில் விழுந்துவிடும். நீங்களோ இறங்க வருகிறோம் என்று த்ராட்டிலை, மோட்டாரின் விசையை, குறைத்து வைத்திருப்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உண்மையான மஸ்டாங்கின் இறக்கை நீளம் சுமார் 11.3 மீட்டர். உங்களுடையது அதில் பத்தில் ஒன்று. விமானத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கிவிடலாம், காற்றைச் சுருக்க முடியாது. அதே காற்று இவ்வளவு சிறிய இறக்கையின்மேல் ஒட்டி ஓட அடம்பிடிக்கும், சீக்கிரமே பிய்த்துக்கொண்டு போகும். அதிலும் குறுகலான நுனியில் முதலில் போகும். உடனே ஒரு பக்க இறக்கை பொத்தென்று விழும்.

அப்போது உங்கள் கை என்ன செய்யும்? இதைத்தான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இடது இறக்கை விழுந்தால் வலது கட்டைவிரல் ஏலரானை, விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடிப்புகளை இயக்கும் குச்சியை, வலப்பக்கம் தள்ளும். எல்லோருக்கும் அப்படித்தான். ஓராண்டாக அதுதான் பழக்கம். ஆனால் வலப்பக்கம் தள்ளும்போது விழுந்த இறக்கையின் ஏலரான் கீழே இறங்குகிறது, காற்றைச் சந்திக்கும் கோணம் இன்னும் கூடுகிறது, ஏற்கெனவே ஸ்டால் ஆன நுனி இன்னும் ஆழமாக ஸ்டால் ஆகிறது. காப்பாற்றப் போன கையே விமானத்தைச் சுழலில் தள்ளிவிடுகிறது. உங்கள் கைரோவும் சாட்சாத் இதே தவறைத்தான் செய்யும், உங்களைவிட வேகமாக. செய்யவேண்டியது வேறு: மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைத் தளர்த்தவேண்டும், த்ராட்டில் கொடுக்கவேண்டும், மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டரை எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும். மோட் 2 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ரட்டர் இடது கையில். உண்மையைச் சொல்லுங்கள், தரையில் சக்கரத்தைத் திருப்புவதற்குத் தவிர உங்கள் இடது கட்டைவிரல் பக்கவாட்டில் எப்போதாவது அசைந்திருக்கிறதா?

அசைந்திருக்காது. அசையவேண்டிய தேவையே வந்திருக்காது. உங்கள் ட்ரெய்னரின் இரு இறக்கைகளும் நடுவிலிருந்து நுனி நோக்கிச் சற்று உயர்ந்திருக்கும், டைஹெட்ரல் என்பார்கள். கையை எடுத்துவிட்டால் தலையாட்டி பொம்மைபோலத் தானே நிமிர்ந்துகொள்ளும். பற்றாததற்குக் கைரோ வேறு. ஓராண்டாகப் பறந்தது அந்த வடிவமைப்பு. நீங்கள் கூடவே இருந்தீர்கள். அதற்குள் ‘அலுத்துவிட்டது’ என்று எழுதுகிறீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அவளிடமும் ட்ரெய்னர் மட்டும்தான் இருந்தது, அடுத்ததை வீட்டில் இப்போதைக்கு வாங்கித் தருவதாக இல்லை. அவள் கைரோவை அணைத்தாள். அப்புறம் ஏலரானைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டாள். டைஹெட்ரல் உள்ள விமானத்தில் ரட்டரைத் தள்ளினாலே போதும், மூக்கு திரும்பும், வெளிப்பக்க இறக்கை உயரும், விமானம் சாய்ந்து வளையும். அப்படியே எட்டு போடுவாள், உயரம் மாறாமல். பிறகு நல்ல உயரத்துக்குப் போய் மோட்டாரைக் குறைத்து, ஸ்டால் ஆகிறதா ஆகிறதா என்று இழுத்துக்கொண்டே இருப்பாள். மூக்கு சரியும், மீட்பாள், மறுபடியும் மேலே. பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காத பறத்தல் அது. பக்கத்தில் ஜெட் ஓட்டுகிறவர்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு ஒருநாள் யாரோ தம் கீழ் இறக்கை விமானத்தை அவள் கையில் கொடுத்தார்கள். கடைசித் திருப்பத்தில் ஒரு இறக்கை லேசாகத் தொய்ந்தது. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கட்டைவிரல் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. தான் ஏதோ செய்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை, நான் கேட்டபோது ‘எங்கே தொய்ந்தது?’ என்றாள்.

இடது கை விழித்தபின் அந்தச் சாதாரண விமானத்திலேயே எவ்வளவு இருக்கிறது தெரியுமா? ஏலரானால் திருப்பும்போது மூக்கு முதலில் எதிர்ப்பக்கம் போகப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், ரட்டர் சேர்த்தால் அது அடங்குவதும் தெரியும். பக்கக் காற்றில் கொஞ்சம் சாய்ந்தபடியே ஓடுபாதைமேல் நேராக வரமுடியும். இதெல்லாம் வராமல் மஸ்டாங்கை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

சிரிப்பவர்களைப் பற்றி: சிரிக்கட்டும். இரண்டாம் உலகப் போரில், அவசரத்துக்கு நடுவிலும், பிரிட்டிஷ் விமானிகளை முதலில் டைகர் மாத் என்ற பயிற்சி விமானத்தில் உட்காரவைத்தார்கள், பிறகு ஹார்வர்டு போன்ற விமானங்களில், அதற்கப்புறம்தான் ஸ்பிட்ஃபயர் போர்விமானம். உங்கள் மஸ்டாங்கை ஓட்டிய அமெரிக்கர்களும் ஸ்டியர்மன், வல்ட்டீ, டெக்ஸன் என்ற பயிற்சி விமானங்களில் படிப்படியாக ஏறித்தான் வந்தார்கள். உங்கள் மைதானத்துப் பெரியவர்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்?

இரண்டாவது விமானம் கேட்டீர்கள் அல்லவா? நுனிவரை ஒரே அகலமுள்ள இறக்கை. மேலே கீழே இரண்டு பக்கமும் வளைந்த, ஆனால் மேலே சற்று அதிகம் வளைந்த குறுக்குவெட்டு. டைஹெட்ரல் கொஞ்சம்தான், விட்ட இடத்தில் நிற்கும் அளவுக்கு. ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமை ட்ரெய்னரைவிட அதிகம் கூடாமல் பாருங்கள். ஃபோர் ஸ்டார் 40 என்று ஒரு பழைய கீழ் இறக்கை பால்சா மர விமானம் உண்டு, அந்த ஜாடையில் ஃபோமில் இருந்தாலும் சரி. இல்லையென்றால் அக்லி ஸ்டிக் வகை. அதன் குறுக்குவெட்டு மேலும் கீழும் ஒன்றுபோலவே வளைந்தது, ஆனாலும் அகலமான இறக்கை காப்பாற்றிவிடும். 1960களில் ஃபில் கிராஃப்ட் வடிவமைத்தது. பெட்டிக்கு இறக்கை முளைத்ததுபோல இருக்கும், பெயரிலேயே அசிங்கம் என்று ஒப்புக்கொண்ட விமானம். அதே கிராஃப்ட் 1967இல் ரேடியோ விமான சாகசப் போட்டியில் உலகச் சாம்பியன் ஆனவர். அழகான விமானம் செய்யத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை.

மேசையில் இருக்கும் அந்தப் படத்தை எடுத்துவிடாதீர்கள். அந்த ஆசை இல்லாதவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நீடிப்பதில்லை. மூன்றாவதாக வாங்குங்கள், முடிந்தால் 1.1ஐவிடப் பெரியதாக, நுனியில் கோணம் குறைத்து முறுக்கப்பட்ட இறக்கையோடு.

மடங்கும் சக்கரம் இப்போது வேண்டாம், புல்தரையில் அதைப் பழுதுபார்த்தே பொழுது போய்விடும். பேட்டரி, இருக்கும் மூன்று செல்லே பொருந்தும் விமானமாகப் பாருங்கள். ட்ரெய்னரை விற்கக் கூடாது. பழைய ஃபோமுக்கு எவ்வளவு கிடைத்துவிடப்போகிறது? அடுத்த முறை போகும்போது பேட்டரியை மாட்டும் முன் கைரோ சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றில்லாத காலை வேளையாக இருக்கட்டும்.